சுத்திகரித்த நீரெல்லாம் சுத்தமான நீரா?



வைத்தியசாலைக் கழிவுநீர் சுத்திகரித்த பின்னரே ஆற்றில் விடப்படுகிறது என்றதும் நாம் நிம்மதியடைகிறோம். எதை நீக்கினார்கள், எது மிஞ்சியது என்று கேட்பதில்லை.

வழமையான சுத்திகரிப்பு நிலையம் மலக்கழிவையும் அழுக்கையும் சிதைப்பதற்கே அமைக்கப்பட்டது. நோயாளி விழுங்கும் அன்டிபயோட்டிக் மருந்தில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறுகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் அதே குழாயில்தான் வருகின்றன. இவற்றில் ஒரு பங்கு சுத்திகரிப்பையும் தாண்டி வெளியேறுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் கழிவுநீர் நியமங்கள் உண்டு. ஆற்றில் விடும் நீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆனால் அன்டிபயோட்டிக் எச்சத்துக்கு அங்கே எல்லை வகுக்கப்படவில்லை. ஆகவே பரிசோதனையில் 'சித்தி' பெற்ற நீரிலும் அது இருக்கலாம்.

ஓடையிலும் பீலியிலும் தண்ணீர் எடுக்கும் லயத்து மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. மருந்துக்கு அடங்காத காய்ச்சல் வந்தால் போவது நாட்சம்பளம் மட்டுமல்ல, உயிரும்தான்.

வைத்தியசாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கூடுதல் வைத்தியசாலைகள் கேட்பவர்களே நாம். பரிசோதனை முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கப்படுத்துங்கள். மருந்து எச்சத்தையும் பரிசோதியுங்கள். கழிவுக் குழாயில் இறங்கும் சுத்திகரிப்புத் தொழிலாளிக்குக் கையுறையும் பூட்ஸும் கொடுங்கள்.

அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிப்போம். கிருமி சாகும். மருந்து எச்சத்தைத் தடுக்க வேண்டியது அரசின் கடமை.