சேற்றில் புதைத்த விஷம்

ஆலையின் லாபம் முதலாளி வீட்டுக்குப் போகிறது. ஆலையின் கழிவு ஆற்றுக்குப் போகிறது. போனது அங்கேயே நிற்பதில்லை. மீனில் ஏறி ஏழையின் சட்டிக்கு வந்து சேருகிறது. அமெரிக்காவின் ஹட்சன் நதி இதற்குச் சாட்சி.

நியூயார்க் மாகாணத்தில் அந்நதிக்கரையில் ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் என இரண்டு ஊர்கள். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி அங்கே மின்சாரக் கெபாசிட்டர் செய்தது. 1947 முதல் 1977 வரை பி.சி.பி. என்ற ரசாயனத்தை ஆற்றில் கலக்கவிட்டது. சர்க்கார் மதிப்பீட்டில் இது 13 லட்சம் ராத்தல் வரை!

இந்த விஷம் நீரில் எளிதில் கரையாது, சேற்றில் ஒட்டிக்கொள்ளும். சேற்றுப் புழுவைச் சிறு மீன் தின்னும். சிறு மீனைப் பெரிய மீன் தின்னும். படிக்குப் படி கொழுப்பில் சேர்ந்து விஷம் பெருகும். சமைத்தாலும் அழியாது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் இது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்தியிருக்கிறது.

1976-ல் மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. பிழைப்பு இழந்தவன் யார்? விஷம் விட்டவனா? இல்லை, வலை வீசியவன்! "நதி தானே சுத்தமாகிவிடும்" என்று கம்பெனி வாதாடியது. சேற்றை வார வேண்டும் என்று மத்திய சர்க்கார் இலாகா முடிவு செய்தது 2002-ல்தான். 2009 முதல் 2015 வரை கம்பெனியின் செலவில் 27 லட்சம் கன கெஜத்துக்கு மேல் வாரினார்கள். ஆயினும் நதியின் மேற்பகுதி மீனை உண்ண வேண்டாம் என்ற எச்சரிக்கை நீங்கவில்லை.

"கழிவைப் பற்றிப் பேசினால் வேலை போகும்" என்று எந்த ஊர் முதலாளியும் பயமுறுத்துவான். ஃபோர்ட் எட்வர்டைப் பாருங்கள்! 2013-ல், அந்த ஆலையின் வேலையை ஃப்ளோரிடாவுக்கு மாற்றப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. வேலை ஊரை விட்டுப் போயிற்று. விஷம் ஊரில் நின்றது.

தோழர்களே! சாக்கடையில் என்ன போகிறது என்பதை முதலில் அறிபவன் ஆலைத் தொழிலாளி. அதை வாய்க்காலிலும் மீனிலும் காண்பவன் விவசாயத் தொழிலாளி. இருவரையும் பிரித்து வைப்பதே முதலாளியின் தந்திரம். இருவரும் ஒன்றுபட்டு நிற்க வேண்டும்.

நாம் கோருவது இதுதான்: ஆலையில் புழங்கும் ரசாயனங்களின் பெயர் வாசலில் எழுதப்பட வேண்டும். தண்ணீரை மட்டுமல்ல, சேற்றையும் மீனையும் சோதித்து முடிவை ஊரறியச் சொல்ல வேண்டும். சுத்தம் செய்யும் செலவு முதலாளியுடையது. அதற்காக ஆலை நின்றால் அந்நாட்களின் கூலியும் அவனுடையதே. ஆறு ஊராருடையது; எவனுடைய சாக்கடையும் அல்ல!