கை அவருடையது, பெயர் எங்கே?

1963 நவம்பர் 23-ல் லண்டன் பி.பி.சி. டெலிவிஷனில் ‘டாக்டர் ஹூ’ என்ற தொடர் நாடகம் ஆரம்பமாயிற்று. அதன் முகப்பு இசை கேட்டவர்களைத் திகைக்க வைத்தது. வயலின் இல்லை, பியானோ இல்லை. இதுவரை யாரும் கேட்டறியாத ஒலி! மெட்டு எழுதிய ரான் கிரெய்னரின் பெயரும், ‘ரேடியோபோனிக் ஒர்க்ஷாப்’ என்ற இலாகாவின் பெயரும் திரையில் வந்தன. அந்த ஒலியைத் தன் கையால் உருவாக்கிய பெண்ணின் பெயர் வரவில்லை.

அவர்தான் டெலியா டெர்பிஷயர். கவென்ட்ரி நகரத்து உலோகத் தகட்டுத் தொழிலாளியின் மகள். 1940-ல் நாஜி விமானங்கள் அந்நகரை நொறுக்கிய பின், பிரெஸ்டன் என்னும் பஞ்சாலை ஊருக்கு அனுப்பப்பட்ட குழந்தை. விடியற்காலையில் ஆலைக்குப் போவோரின் மரச்செருப்பு கல் தெருவில் எழுப்பிய ஓசை தம் காதில் பதிந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்து, 1959-ல் டெக்கா ரிக்கார்டு கம்பெனியில் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களுக்கு வேலை கிடையாது என்று கம்பெனி விரட்டியது! பின்னர் பி.பி.சி.யில் சேர்ந்தார்.

அவர் செய்த வேலை என்ன? ஒரு கம்பியை மீட்டிப் பதிவு செய்தார். சோதனைக் கருவிகளின் மின்னொலியைப் பதிவு செய்தார். டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும். மெதுவாக ஓட்டினால் இறங்கும். இப்படி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே செய்து, டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டினார். டிக் மில்ஸ் என்ற உதவியாளர் துணை நின்றார். அறுந்த இழையைச் சேர்க்கும் பஞ்சாலைத் தோழருக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

கேட்ட கிரெய்னரே வியந்து, அவரையும் இணை ஆசிரியராகச் சேர்க்க விரும்பினார். நிர்வாகம் இடம் தரவில்லை. பெயரும் இல்லை, ராயல்டியும் இல்லை.

“சம்பளம் வாங்கினாரே! விதி எல்லோருக்கும் பொதுதானே?” என்பார்கள் சிலர். அந்த விதி ஆண்களையும் மறைத்தது உண்மையே. அதனால் அது நியாயமாகிவிடுமா? சம்பளம் உழைத்த நேரத்துக்கு. பெயரை விழுங்க அது அனுமதிச் சீட்டல்ல. அதிலும் பெண்ணுக்கு இரட்டை அநீதி: ஓரிடத்தில் வாசலிலேயே தடுத்தார்கள், இன்னோரிடத்தில் உள்ளே விட்டுப் பெயரை மறைத்தார்கள்.

டெலியா 2001-ல் காலமானார். அந்த நாடகத்தின் திரையில் அவர் பெயர் வந்தது 2013-ல். ஐம்பது ஆண்டு கழித்து! இது யாரும் போட்ட பிச்சையல்ல. தாமதமாகத் தீர்த்த பாக்கி. கூலியைக் கணக்குப் பார்த்து வாங்குகிற நாம், உழைத்தவர் பெயரையும் கணக்கில் கேட்போம்!