மலையில் பீலி, பட்டணத்தில் குழாய்



நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தங்கையைச் சந்தித்தேன். கொழும்பில் நான்கு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். அங்கே உங்களுக்கு எது பிடித்தது என்று கேட்டேன். சாப்பாட்டைச் சொல்வார், தொலைக்காட்சியைச் சொல்வார் என்று நினைத்தேன். "குழாயத் திறந்தா தண்ணி வருது அக்கா, ராத்திரியிலயும் வருது" என்றார். அந்த நேரத்தில் அவருடைய அம்மா பிளாஸ்டிக் குடத்துடன் பீலியடியில் ஐந்தாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் குழாயில் வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? நோர்வூட்டைத் தாண்டி ஓடும் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து வரும் மஸ்கெலி ஓயா மவுசாகலையில் தேங்குகிறது. கீழே இவை இரண்டும் சேர்ந்துதான் களனி கங்கை. அம்பத்தலையில் அந்தக் கங்கை நீரைச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்கு விநியோகிக்கிறார்கள். போகிற வழியில் லக்ஷபான தொகுதியின் ஐந்து மின் நிலையங்களையும் இந்த நீரே சுழற்றுகிறது. மின்கம்பி தலைக்கு மேலே போக, கீழே குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் மலையகத்தில் ஒரு தலைமுறைக்கு மேல் உண்டு.

அமெரிக்க நகரங்கள் பசுமையாகி வருகின்றன என்று பத்திரிகைகளில் வாசிக்கிறோம். சைக்கிள் பாதை, கூரைத் தோட்டம், மூன்று நிறக் குப்பைத் தொட்டி என்று படங்களுடன் வரும். சான்பிரான்சிஸ்கோ நகரில் 2009ஆம் ஆண்டிலிருந்து சமையலறைக் கழிவைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பது சட்டப்படி கட்டாயம். நல்ல விடயம்தான். ஆனால் எமக்குப் பயன்படும் கதை வேறொன்று. அது நியூயோர்க் நகரத்தின் கதை, நடந்தது நகரத்துக்கு வெளியே, மலையில்.

நியூயோர்க்கில் 90 இலட்சம் பேருக்கு மேல் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி கெட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறது. 200 கிலோமீற்றர் வரை தூரம். பெரும்பாலும் பம்பு கூட இல்லை, பள்ளம் நோக்கித் தானாகவே ஓடி வருகிறது. 1989இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. ஆற்று நீரை வழங்கும் நகரங்கள் அதை வடிகட்டும் நிலையம் கட்ட வேண்டும், அல்லது வடிகட்டாமலே நீர் சுத்தமாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். நிலையம் கட்ட 600 கோடி டொலருக்குக் குறையாது என்று கணக்கிட்டார்கள். ஆண்டுதோறும் நடத்தும் செலவு வேறு.

மலையிலோ மாடு வளர்ப்பவர்கள் நிறையப் பேர். மாடுகள் ஓடைக்குள் இறங்கும், சாணம் மழையில் கழுவிப் போகும். சிற்றூர்களில் பழைய மலக்குழிகள் கசிந்துகொண்டிருந்தன. நகரம் முதலில் செய்தது எல்லா அதிகாரிகளும் செய்வதைத்தான். 1990இல் ஒரு கட்டுப்பாட்டுப் பட்டியல் எழுதி மலைக்கு அனுப்பியது. ஓடைக்கு அருகே இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்று. மலைமக்கள் கொதித்துப் போனார்கள்.

அவர்கள் கொதித்ததற்குப் பழைய காரணமும் உண்டு. இந்த நகரத்துக்காக நீர்த்தேக்கம் கட்டியபோது அந்த மலையில் பல கிராமங்களைக் காலி செய்து மூழ்கடித்தார்கள். கல்லறைகளைத் தோண்டி, இறந்தவர்களைக் கூட வேறிடத்துக்கு மாற்றினார்கள். மஸ்கெலியாச் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடும் கோடையில் மவுசாகலை வற்றும்போது பழைய பட்டினத்தின் கோவிலும் கட்டடங்களும் தலை காட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள்.

ஆனால் கெட்ஸ்கில் விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. "தண்ணீர் உங்களுக்கு வேண்டும். அதைக் காக்கும் செலவை நீங்கள் தாருங்கள், வேலையை நாங்கள் செய்கிறோம்" என்பதுதான் அவர்கள் வாதம். 1993இல் விவசாயிகளே நடத்தும் ஒரு சபை அமைந்தது, பணம் நகரத்துடையது. 1997 ஜனவரியில் நகரமும் மாநில அரசும் மத்திய அரசின் சுற்றாடல் திணைக்களமும் மலையூர்களும் ஒரே உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. ஓடையோரம் வேலி, சாணத்தைச் சேமிக்கும் கொட்டில், பழுதான மலக்குழிக்குப் பதில் புதியது, எல்லாம் நகரத்தின் செலவில். காணி வாங்குவதென்றால் விற்க விரும்புகிறவரிடம் மட்டும். நகரம் ஒதுக்கிய தொகை சுமார் 150 கோடி டொலர். 600 கோடியோடு ஒப்பிட்டால் நகரத்துக்கும் இலாபமே.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நகரம் காணி வாங்கி வாங்கி எங்கள் ஊர் வளர இடமில்லாமல் போகிறது என்று மலையூரார் இன்றும் குறைப்படுகிறார்கள். நகரத்தின் மற்றொரு பழைய நீர்ப்பகுதிக்கு வடிகட்டும் நிலையம் கட்டியே ஆக வேண்டி வந்தது. ஆனாலும் பெரும்பகுதி நீர் இன்றும் வடிகட்டப்படாமலே குழாய்க்கு வருகிறது. இதே நகரம் 1990களில் வீடுகளின் பழைய கழிப்பறைகளைக் கழற்றி, குறைந்த நீர் போதுமான புதியவற்றைப் பொருத்த மக்களுக்குப் பணம் கொடுத்தது. 13 இலட்சம் கழிப்பறைகள்! பட்டணத்தைப் பசுமையாக்கும் வேலை அங்கே கழிப்பறையில்தான் தொடங்கியிருக்கிறது.

இந்தக் கதையை அந்தத் தங்கையிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த மாட்டுக்காரங்க நெலம் அவங்க பேர்ல இருந்திச்சா அக்கா?"

இருந்தது. அங்கேதான் எமது கதை வேறாகிறது. கெட்ஸ்கில் விவசாயி தன் காணியின் சொந்தக்காரனாக மேசையில் உட்கார்ந்தான். எம் மலையில் காணி அரசினுடையது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போய், பின்னர் நீண்ட காலக் குத்தகையாயிற்று. லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறையாக வாழ்பவளின் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சில தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் வந்துள்ளன, ஆனால் லயத்திலேயே இருப்பவர்கள் இன்னும் பெருந்தொகை. நாளை கொழும்பு மனம் மாறி, ஓடையைக் காப்பவர்களுக்குப் பணம் தருகிறோம் என்று வந்தாலும் அது யார் கைக்குப் போகும்? களையெடுப்பவளும், மழையில் கான் வெட்டுபவனும் கணக்கில் வரமாட்டார்கள். காணி உரிமை வேறு, சுற்றாடல் வேறு என்று கருத்தரங்குகளில் பிரித்துப் பேசும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

வன்னியிலிருந்து இந்த இதழை வாசிக்கும் சகோதரிகளுக்கும் இது அந்நியக் கதையல்ல. 1977இலும் 1983இலும் மலையிலிருந்து அடித்து விரட்டப்பட்டு கிளிநொச்சியில் குடியேறி, போரில் இரண்டாம் முறையும் எல்லாம் இழந்தவர்கள் உங்களில் பலர். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, எம் வயலுக்கு என்ன மிஞ்சும் என்று கிளிநொச்சி விவசாயிகள் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தவர் தாகமும் பொய்யல்ல, அங்கே கிணற்று நீர் உவராகிறது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். கடல்நீரை நன்னீராக்க மின்சாரச் செலவு அதிகம். நீர் கேட்பவரும் கொடுப்பவரும் ஆரம்பத்திலேயே ஒரே மேசையில் இருந்து, குளத்தைத் திருத்துவதையும் நட்டஈட்டையும் சேர்த்துப் பேசியிருந்தால் வேறு வழி பிறந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம். மலையில் மண் சரிந்து வீடுகளையும் ஆட்களையும் கொண்டுபோனது. களனி பெருகி கொழும்பின் புறநகரங்கள் மூழ்கின. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே மழைதான் இரண்டு இடத்திலும் அழிவைச் செய்தது. மேலே மண் நின்றால்தான் கீழே ஆறு அடங்கும் என்பது அப்போதாவது பட்டணத்துக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சரி, காணி கிடைக்கும் வரை கைகட்டி இருப்பதா? ஒரு கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குக் கேட்க வருவார்கள், குப்பை அள்ள வரமாட்டார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் வந்தன. உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முதல் நடைமுறைக்கு வந்ததும் அப்போதுதான். இனி "இது தோட்டத்துப் பொறுப்பு" என்று சபையும், "இது சபைப் பொறுப்பு" என்று தோட்டமும் பந்து விளையாட முடியாது. விளையாடுவார்கள், நாம்தான் விடக்கூடாது.

எனவே இம்மாதம் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு லயத்தைச் சுற்றி நடவுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை மலசலகூடம், அதில் எத்தனை நிரம்பி வழிகிறது, குழியிலிருந்து ஓடைக்கு எத்தனை அடி, பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதற்கு மேலே களைநாசினி அடிக்கிறார்களா, சொப்பிங் பேக்கும் பம்பர்ஸும் எந்தக் கானில் குவிகின்றன, கடைசியாக மலக்குழி உறிஞ்சும் பவுசர் எப்போது வந்தது. இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, பிரதேச சபைத் தவிசாளருக்கும் உங்கள் வட்டாரத்துப் பெண் உறுப்பினருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு பிரதி. இந்த ஓடை களனிக்குப் போகிறது, அல்லது மகாவலிக்குப் போகிறது, என்ற ஒரு வரியையும் மறக்காமல் சேருங்கள். தலவாக்கலைப் பக்கத்தவர்கள் மகாவலி என்று எழுத வேண்டும்.

தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் கடிதத்தின் பிரதியொன்றை எமக்கும் அனுப்பி வையுங்கள்.