கயிறு கட்டின ராக்கெட்

ராக்கெட்னா நமக்கு ஸ்ரீஹரிகோட்டாதான். ஆனா 1780லயே காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர் போரில் கம்பெனிப் படையைக் கலங்கடிச்சது மைசூர் ராக்கெட். அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். பிறகு ஜான் டென்னட் என்பவர் ராக்கெட்டில் கயிறு கட்டினார். 1832இல் வைட் தீவுக் கரையில் தரைதட்டிய கப்பலிலிருந்து 19 பேர் அதனால் பிழைத்தார்கள்.

விஷயம் சிம்பிள். மெல்லிய கயிறு பறந்து போகும். அதை இழுத்தா தடிமனான வடம் வரும். வடத்தைப் பிடிச்சு மனுஷன் கரை சேருவான். சர்வதேச விதிப்படி இன்னிக்கும் கப்பல்ல 230 மீட்டராவது கயிறு வீசுற கருவி கட்டாயம்.

கடலுக்கு மட்டும்தானா? 1956 நவம்பர்ல, அரியலூர் பக்கம் வெள்ளம் அரிச்ச மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல இறந்தாங்க. கொள்ளிடத்துல தண்ணி வந்தா நடுத்திட்டுல ஆளுங்க மாட்டிக்கிறது இன்னிக்கும் நடக்குது. ஆற்றங்கரை ஊர்களுக்கும் இந்தக் கருவி வேணும்.

பெரம்பலூர், அரியலூர்ல படிக்கிற நாம வருஷா வருஷம் லைன் ஃபாலோயர் ரோபோவே பண்றோம். ஒரு வருஷம் லைன் வீசுற கருவி பண்ணலாமே? வெடிமருந்து வேண்டாம், அழுத்தக் காற்றில் வீசும் வகையும் உண்டு. எக்ஸ்போவோட நிறுத்தாம, தீயணைப்பு நிலையத்துல கொண்டு போய்க் காட்டுவோம். "இது ஆத்துல ஆகுமா?"னு அவங்க கேக்கட்டும். அதுதான் நிஜமான வைவா.