கருவி எழுதித் தரும். அறிவை யார் தருவார்?

தமிழ் கற்பிப்பவனுக்குக் கணிப்பொறியில் என்ன வேலை என அன்பர் சிலர் வினவக்கூடும். என்னிடம் தமிழ் பயின்றார் பலர் இன்று அத்துறையில்தான் உழைத்துண்கின்றனர். அவர் வாழ்வு என் கவலையன்றோ?

அண்மையில் முன்னாள் மாணவன் ஒருவன் இல்லம் வந்தான். பொறியியல் முடித்து, பெருநிறுவனங்களுக்கான சாவா நிரலாக்கத்தைப் பயிற்சி நடுவம் ஒன்றில் பயில்கின்றான். மடிக்கணியைத் திறந்து கட்டங்கள் சில வரைந்தான். அவற்றைக் கோடுகளால் இணைத்தான். பொத்தான் ஒன்றை அழுத்தினான். நொடியில் பக்கம் பக்கமாக நிரல் வந்து விழுந்தது. "பார்த்தீர்களா ஐயா!" என்றான். அதில் ஒரு வரியைச் சுட்டி, "இஃது எதற்கு?" என்றேன். விழித்தான். "அது கருவி போட்டது ஐயா" என்றான். அவ்விடையே இக்கட்டுரைக்குக் கரணியம்.

கருவியைப் பழிப்பது என் நோக்கமன்று. அது தோன்றியதற்கு நேர்மையான தேவை இருந்தது. சாவா, அமெரிக்கச் சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனத்தில் சேம்சு காசுலிங்கு முதலானோர் ஆக்கி 1995-இல் வெளிவந்த மொழி. குளம்பிக்குப் பெயர்போன தீவின் பெயரே அதற்கு இடப்பட்டது. மணிமேகலை கூறும் சாவகத்தை நமக்கு நினைவூட்டும் பெயர். வைப்பகம், காப்பீடு போன்ற பெரும்பணிகளுக்கான அதன் தனிப்பதிப்பு 1999-இல் வந்தது. அதில் 'எண்டர்பிரைசு சாவா பீன்சு' என்றோர் அமைப்பு உண்டு. பழைய பதிப்புகளில் அவ்வமைப்பின்படி ஒரு வைப்புக் கணக்கைக் குறிக்க வேண்டுமானாலும் இடைமுகங்கள் இரண்டு, வகுப்பு ஒன்று, அவற்றை விளக்கும் எக்சு.எம்.எல். கோப்பு ஒன்று எனப் பலவும் எழுதவேண்டும். கணக்குக்கு மட்டுமன்று, வாடிக்கையாளர், கடன், கிளை என ஒவ்வொன்றுக்கும் இதே சுமை. சலிப்பூட்டும் இவ்வேலையைப் பொறியிடம் விட்டதில் வியப்பில்லை.

வரைபடத்துக்கும் பொதுவிதி பிறந்தது. கிரேடி பூச்சு, சேம்சு இரம்பா, ஈவார் சேக்கப்சன் ஆகிய மூவர் தத்தம் வரைமுறைகளை ஒன்றாக்கிய யு.எம்.எல். என்னும் வரைவுமொழி, 1997-இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. படத்திலிருந்து நிரலையும் நிரலிலிருந்து படத்தையும் ஆக்கித்தரும் கருவிகள் பெருகின.

பின்னர் நிகழ்ந்ததைத்தான் நம் இளைஞர் கருதிப் பார்த்தல் வேண்டும். 2006-இல் அவ்வமைப்பின் மூன்றாம் பதிப்பு வந்தது. இடைமுகச் சுமையும் விளக்கக்கோப்புச் சுமையும் பெரிதும் நீங்கின; எளிய வகுப்பின் தலையில் ஒரு குறிப்பு எழுதினாலே பெரும்பாலும் போதும் என்றாயிற்று. அச்சுமையைச் சுமப்பதற்கென்றே பிறந்த 'எக்சுடாக்லெட்டு' போன்ற ஆக்கிகளுக்கு வேலை குறைந்தது. பொத்தானை அழுத்த மட்டுமே கற்றவன் கையில் எஞ்சியது யாது? ஒரு கொடுக்கல் வாங்கல் இடையில் முறிந்தால் அதனை முழுதும் திரும்பப் பெறுவது எங்ஙனம், ஒரே கணக்கை இருவர் ஒரே நேரத்தில் தொட்டால் நேர்வது என்ன என்பவற்றைக் கற்றவனோ புதிய பதிப்பிலும் நிலைத்து நிற்பான். கருவி மாறும், கருத்து மாறாது.

யாப்பு கற்பிப்பவன் இதனை நன்கறிவான். தளை அறியாதவன் பிறர் எழுதிய ஆயிரம் வெண்பாக்களைப் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் தளை தட்டினால் எவ்விடத்தில் தட்டிற்றென்று அவனால் சொல்ல இயலாது. நிரல் நள்ளிரவில் நின்றுபோனால், பொத்தானை மட்டும் அறிந்தவன் நிலையும் அதுவே. இன்று படமும் வேண்டா. வாயால் சொன்னாலே நிரல் எழுதித்தரும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்துவிட்டன. எனவே இவ்வறியாமை முன்னினும் கேடு தரும்.

இன்னொன்று. என் மாணவன் வரைந்த கட்டங்களில் ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை. வினவியபோது, "தமிழில் எழுதினால் ஓடாது ஐயா" என்றான். இது பொய். சாவாமொழி ஒருங்குகுறி எழுத்துகளை ஏற்கும்படியே அமைக்கப்பட்டது. வகுப்புக்குக் 'கணக்கு' என்றும், அதன் செயலுக்குப் 'பணமெடு' என்றும் தமிழெழுத்திலேயே பெயரிடலாம்; நிரல் ஓடும். மாறாமல் நிற்பவை ஐம்பதை ஒட்டிய கட்டளைச் சொற்களே. அன்றே அவனை எழுதச் செய்தேன், ஓடிற்று. அவன் முகத்தில் கண்ட மலர்ச்சி பொத்தானை அழுத்தியபோது கண்டதன்று.

பல மொழியார் கூடிப் பணிபுரியும் நிறுவனத்தில் தமிழ்ப் பெயர் செல்லாதே என்பீர். உண்மை, அங்கே பொதுப்பெயர் இருக்கட்டும். யான் சொல்வது கற்கும் இடத்தை. எது கணக்கு, எது கணக்குடையார், இரண்டுக்கும் உறவென்ன எனப் பகுத்தறிவதே வரைபடத்தின் உயிர். அப்பகுப்பு அவரவர் தாய்மொழியில்தான் தெளிவாக நிகழும். அயற்சொல்லை நெட்டுருச் செய்தவன் கட்டம் வரைவான், கருத்தை வரையான்.

ஆதலின் பயிற்றுவோர்க்கு என் வேண்டுகோள் இது. முதலில் தமிழிற் பெயரிட்டுத் தாளில் படம் வரையச் செய்க. அடுத்து அப்படத்துக்குரிய நிரலை ஒருமுறையேனும் கையால் எழுதச் செய்க. அதன்பின் கருவியைக் கொடுத்து, அது எழுதியதையும் தாம் எழுதியதையும் வரிக்கு வரி ஒப்பிடச் செய்க.

இளைஞனே! கருவியை நீ ஆள். கருவி உன்னை ஆளவிடாதே. "இவ்வரி எதற்கு?" என்று எவர் வினவினும் தமிழில் விடை சொல்லக் கற்றுக்கொள். அந்நாளில்தான் நீ கற்றவன்.