விளக்கும் ஸ்வராஜ்யமும்

ஒரு தேசத்தின் விளக்கை அணைக்கும் அதிகாரம் அந்நியன் கையிலிருக்குமாயின், அத்தேசத்தின் சுதந்திரம் பூரணமாகுமா? ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் 2021-ல் ருஷியாவிலிருந்தே வந்தது. மறு வருஷம் உக்ரேன் யுத்தம் மூண்டது. ருஷியா குழாயை மூடிற்று. அம்மாபெருந்தொழில் தேசம் கலங்கி நின்றது. அதே 2022-ல், பாக் ஜலசந்திக்கு அப்பால் இலங்கையில், எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணியின்றி நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது.

இது அயலார் கதையென்று நாம் வாளாவிருக்கலாகாது. இந்தியா உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கே.

வறண்ட பூமியென்று பிறர் இகழ்ந்த நம் இராமநாதபுரம் ஜில்லாவிலோ வெயிலே செல்வம். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. அவ்வெயிலை எந்த அந்நியனும் தடுக்க இயலாது, அஸ்தமனம் தடுக்கும். ஜனங்கள் விளக்கேற்றும் வேளையில் அது உறங்க, நிலக்கரியையே நாடுகிறோம்.

ஆகவே பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிப்பதே முதற் கடமை. மிகுந்த மின்சாரத்தால் நீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் வரை பெறும் நிலையம் கடம்பாறையில் 1980-களிலேயே அமைந்தது. மலையில்லாத நம் ஜில்லாவுக்குப் பாட்டரியே வழி. செலவு அதிகமென்பர்; இருளின் நஷ்டம் அதனினும் அதிகமன்றோ? அப்பாட்டரியும் சீனத்திலிருந்தே வருமாயின், எஜமானன் மாறுவானேயன்றி அடிமைத்தனம் நீங்காது. அதை இங்கேயே செய்யச் சர்க்கார் முற்பட வேண்டும். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட சிதம்பரம் பிள்ளையின் நாட்டாருக்கு இது புதிய பாடமன்று.