வாரம் பத்துச் சொற்கள்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் பிள்ளைகளுக்குக் கணக்குக்கும் அறிவியலுக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது. தமிழுக்கு மட்டும் வீடுதான் பள்ளிக்கூடம். தில்லி, மும்பை போன்ற பெருநகரங்களில் தமிழ் கற்பிக்கும் பள்ளிகள் சில உண்டு என்றாலும், அவை எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இல்லை. ரயில்வேயிலும் தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும் வேலை கிடைத்து நாக்பூர் போன்ற ஊர்களில் தங்கிவிட்ட குடும்பங்களில், அம்மாவும் அப்பாவும்தான் தமிழாசிரியர்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கால அட்டவணை வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

விழா மேடையில் திருக்குறள் ஒப்புவிக்க வரும் பிள்ளைகளின் கையிலுள்ள சீட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பலரது சீட்டில் குறள் தேவநாகரி எழுத்தில் இருக்கும். சிலரது சீட்டில் ஆங்கில எழுத்தில் இருக்கும். நாம் கைதட்டிப் பரிசும் கொடுத்து அனுப்புகிறோம். குழந்தையின் முயற்சியை நான் குறை கூறவில்லை. ஆனால் தமிழை இரவல் எழுத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் நாம் வழக்கமாக எழுதும் முறையில் ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் ஒன்றாகிவிடும். இந்தி எழுதும் முறையில் எகர, ஏகார வேறுபாடும் ஒகர, ஓகார வேறுபாடும் கிடையாது. ‘எடு’ என்பதும் ‘ஏடு’ என்பதும் ஒரே மாதிரி எழுதப்படும். ‘கொடு’வுக்கும் ‘கோடு’க்கும் அதே கதிதான். பொருளையே மாற்றிவிடும் எழுத்து எப்படி நம் மொழிக்குப் பொருந்தும்?

“பேசினால் போதாதா, எழுத எதற்கு?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. பேச்சே பெரிய விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் வீட்டு அலமாரிகளில் என்னென்ன இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். பாட்டி கைப்பட எழுதிய சமையல் குறிப்பு நோட்டு, தாத்தாவின் இன்லேண்ட் கடிதக் கட்டு, ஊரிலுள்ள நிலத்தின் பத்திரம், கல்யாணப் பத்திரிகைகள். இன்னும் இருபது வருடம் கழித்து இவையெல்லாம் நம் பேரப்பிள்ளைகளின் கைக்குப் போகும். அப்போது அவற்றைப் படிக்க ஆள் தேட வேண்டிய நிலை வரலாமா? பேசத் தெரிந்து படிக்க எழுதத் தெரியாத தலைமுறைக்கு அடுத்து வருவது, பெரும்பாலும் பேசவும் தெரியாத தலைமுறை. அக்கம்பக்கத்தில் பல குடும்பங்களில் இதை நாம் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

“இப்போது செல்போனே தமிழ் எழுதிக் கொடுத்துவிடுகிறதே” என்பது அடுத்த வாதம். உண்மைதான், சொன்னால் எழுதுகிறது. ஆனால் அந்தக் கருவி ‘மனம்’, ‘மணம்’ என்று இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று நம்மைத்தான் கேட்கிறது. தேர்ந்தெடுப்பதற்குப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறதே என்றால், அது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. ரயில் பாதையில் கீமேன் என்று ஒரு தொழிலாளி உண்டு. தன் எல்லைக்குட்பட்ட பாதையைத் தினமும் நடந்தே பார்ப்பார். தளர்ந்ததை இறுக்குவார், பெரிய பழுது இருந்தால் மேலே சொல்வார். இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்து பார்ப்பது வேறு, இந்தத் தினசரி நடை வேறு. டிராலி வந்து போகிறது என்பதற்காக எந்த ரயில்வேயும் கீமேனை வேண்டாம் என்று சொல்வதில்லை. ஞாயிறு வகுப்பு டிராலி ஆய்வு மாதிரி. வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் கீமேனின் நடை மாதிரி.

இது வெறும் ரயில்வே அனுபவம் மட்டுமல்ல. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரே மூச்சில் பல தடவை படிப்பதைவிட, அதே உழைப்பைப் பல நாட்களுக்குப் பிரித்துப் படித்தால் நன்றாக நிற்கிறது என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. ஆகவே விடுமுறையில் ஒரு மாதம் உட்கார வைத்து வாட்டுவதைவிட, வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதே மேல்.

எழுத்துக்களை ஓரளவு அறிந்துகொண்ட, ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்யும் வார ஏற்பாடு இதுதான்.

திங்கட்கிழமை: பத்துச் சொற்களைக் கொடுங்கள். பிள்ளை உரக்கப் படித்து, பொருள் கேட்டு, நோட்டில் ஒரு தடவை எழுதட்டும்.

செவ்வாய்: சொல்லைப் பார்ப்பது, சொல்வது, கையால் மூடுவது, எழுதுவது, திறந்து ஒத்துப் பார்ப்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த ஐந்து படிகள். பார்த்துப் பார்த்து நூறு தடவை எழுதும் இம்போசிஷனில் கைதான் வலிக்கும்; நினைவுக்கு வேலையே இல்லை. மூடிவிட்டு எழுதும்போதுதான் நினைவு உழைக்கிறது.

புதன்: ஐந்து சொற்களை வைத்து ஐந்து சிறு வாக்கியங்கள்.

வியாழன்: விளையாட்டு. துண்டுச் சீட்டுகளில் எழுத்துக்களை எழுதிக் கலைத்துப் போட்டுச் சொல்லாகச் சேர்க்கச் சொல்லலாம். ‘அரை–அறை’, ‘பனி–பணி’, ‘ஒலி–ஒளி–ஒழி’ போன்றவற்றைப் படமாக வரையச் சொல்லலாம்.

வெள்ளி: சொல்வதெழுதுதல். இந்த வாரத்துப் பத்துச் சொற்களோடு, முன் வாரங்களில் தவறிய ஐந்து சொற்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழையவற்றைச் சேர்க்காவிட்டால் வெள்ளிக்கிழமை தெரிந்தது அடுத்த வெள்ளிக்குள் போய்விடும்.

சனி: ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கோ அத்தைக்கோ நாலு வரிக் கடிதம். அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால் மிக நல்லது. முடியாவிட்டால் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பலாம். பதில் வரும்போது பிள்ளைக்கு வரும் உற்சாகம் எந்தப் பரிசிலும் வராது.

ஞாயிறு: சங்க வகுப்பு இருந்தால் வகுப்பு, இல்லையேல் முழு விடுமுறை.

பரீட்சை, பண்டிகை, பயணம் எல்லாம் கழித்து வருடத்துக்கு நாற்பது வாரம் நடந்தாலும் நானூறு சொற்கள். ஐந்து வருடத்தில் இரண்டாயிரம். அன்றாடக் கடிதமும் செய்தித்தாளும் பயமின்றிக் கையாள இது நல்ல அஸ்திவாரம்.

எந்தப் பத்துச் சொற்கள் என்பதிலும் ஒரு முறை வேண்டும். அகராதியைத் திறந்து கண்டபடி எடுக்கக்கூடாது. வாரத்துக்கு ஒரே ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற சொற்களைத் தொகுக்க வேண்டும். மூன்று சுழியா இரண்டு சுழியா என்று தடுமாறும் பிள்ளைக்கு முதல் வாரம் இதைச் சொல்லுங்கள்: ‘ட’வுக்கு முன் ‘ண்’ வரும், ‘ற’வுக்கு முன் ‘ன்’ வரும், ‘த’வுக்கு முன் ‘ந்’ வரும். வண்டி, கன்று, பந்து. இந்த மூன்று சொற்களை மனத்தில் வைத்தால் நூற்றுக்கணக்கான சொற்களில் சந்தேகம் தீர்ந்துவிடும். அடுத்த வாரம்: சொல்லின் தொடக்கத்தில் ‘ந’ தான் வரும், ‘ன’வும் ‘ண’வும் வாரா. இன்னொரு வாரம்: ‘ற்’றுக்குப் பின் இன்னொரு ஒற்று வராது, ஆகவே ‘முயற்சி’, ‘பயிற்சி’ என்பவையே சரி, நடுவில் ஒரு ‘ச்’ நுழையக்கூடாது. ஆனால் ய், ர், ழ் ஆகியவற்றின் பின் வரலாம்: காய்ச்சல், வளர்ச்சி, வாழ்க்கை. விதியோடு சேர்ந்த சொல் நிற்கும். தனியாக வந்த சொல் ஓடிவிடும்.

பள்ளியில் படிக்கும் மற்ற மொழிகளை எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். அது நமக்கு உதவியே. தண்ணீருக்கு இந்தியில் ‘பானி’, மராத்தியில் ‘பாணி’. பள்ளிக்கு மராத்தியில் ‘ஷாளா’, கண்ணுக்கு ‘டோளா’. மராத்தி படிக்கும் குழந்தைக்கு ணகரமும் ளகரமும் காதுக்கும் நாவுக்கும் பழகியவை. “டோளாவில் வருகிற ‘ள’ தான் பள்ளியில் வருவது” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ழகரத்துக்கு மட்டும் அங்கே துணை இல்லை. நாக்கைப் பின்னே மடித்து, மேலண்ணத்தில் அழுத்தாமல் ஒலிக்கப் பழக்க வேண்டும். பெரியவர்கள் வீட்டில் ‘பளம்’ என்று சொல்லிக்கொண்டே பிள்ளையிடம் ‘பழம்’ என்று எழுதச் சொன்னால், அது எங்கிருந்து எழுதும்? ஆகவே சொல்வதெழுதுதலின்போதாவது நாம் நிதானமாக, சரியாக உச்சரிக்க வேண்டும். ‘ர’, ‘ற’ வேறுபாடு இன்றைய பேச்சில் பெரும்பாலும் மங்கிவிட்டதால் அதைக் காதால் பிடிக்க முடியாது. கறுப்பு, கறை, கறி என்று ஒரு கூட்டம், கரை, மரம், நரி என்று ஒரு கூட்டம் என எழுதிக் கண்ணால் பழகுவதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை. பேச்சு வழக்கைப் பிழை என்று தள்ளாதீர்கள். குழந்தை “வந்துட்டாங்க” என்று எழுதினால் அது எழுத்துப்பிழை அல்ல. பேசும் தமிழை எழுதியிருக்கிறது. “நாம் இப்படிப் பேசுவோம், ‘வந்துவிட்டார்கள்’ என்று எழுதுவோம்” என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் எல்லாம் பன்னிரண்டு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தினால் பிள்ளை நோட்டையே ஒளித்து வைத்துவிடும். சிவப்பு மையும் வேண்டாம், அண்ணனோடு ஒப்பிடுவதும் வேண்டாம். தவறிய சொல்லை நோட்டின் கடைசிப் பக்கத்தில் சரியாக எழுதி வைத்து, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கேளுங்கள். மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து சரியாக எழுதிவிட்டால், அந்தச் சொல்லைப் பிள்ளையே அடித்துவிடட்டும்.

“எங்களுக்கே தமிழ் எழுத வராதே” என்று கூறும் இளம் பெற்றோர் இப்போது அதிகம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் அந்தப் பத்துச் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலை ஊரிலிருக்கும் தாத்தாவோ பாட்டியோ வீடியோ அழைப்பில் நடத்தலாம். பேரக்குழந்தையிடம் “சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய்” என்பதற்கு மேல் பேச ஒன்றுமில்லாமல் தவிக்கும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? பாடநூல் வேண்டுவோர், 2001இல் தமிழக அரசு தொடங்கிய, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் பெற்றுள்ள நிறுவனத்தின் பாடங்களைப் பயன்படுத்தலாம்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் கோலப்போட்டி, பாட்டுப்போட்டி, மாறுவேடப் போட்டி எல்லாம் நடத்துகிறோம். அவற்றோடு ஐம்பது சொற்களுக்கு ஒரு சொல்வதெழுதுதலும் நடத்தலாமே. முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வேண்டாம். நாற்பது சொற்கள் சரியாக எழுதிய எல்லோருக்கும் சான்றிதழ் கொடுப்போம். பெற்றோருக்கும் தனியாக ஒரு பிரிவு வைப்போம். குறள் ஒப்புவிக்கும் பிள்ளை, ஒப்புவிக்கும் குறளைத் தமிழில் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு சிறு நிபந்தனையும் சேர்க்கலாம். முதல் வருடம் பெயர் கொடுப்பவர் எண்ணிக்கை குறையலாம். பரவாயில்லை. இரண்டாம் வருடம் வீடுகளில் நோட்டுகள் திறந்திருக்கும்.

இதற்குப் பணம் வேண்டாம், டியூஷன் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம். டி.வி.யையும் செல்போனையும் அந்த நேரம் மட்டும் ஓரமாக வைத்துவிட்டால் போதும். வரும் திங்கட்கிழமையே தொடங்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரத்துக்கான பத்துச் சொற்களை இதோ நானே தந்துவிடுகிறேன்: வண்டி, நண்டு, பண்டம், கன்று, மன்றம், தென்றல், பந்து, தந்தை, சொந்தம், பந்தல்.